நான்கு மீட்டரும் ஒரு நியூட்ரலும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு குடித்தனம் இருக்கும் ஒரு கட்டடம். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடுகிறது. 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி முதல் 100 யூனிட்டுக்குக் காசில்லை. அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு வீதம். ஆக வீட்டுக்கு 225 ரூபாய். நான்கு வீட்டுக்கும் சேர்த்து 900 ரூபாய்.

இதே நான்கு வீடும் ஒரே மீட்டரில் ஓடினால் என்ன ஆகும்? உள்ளே நான்கு அடுப்படி இருப்பது மீட்டருக்குத் தெரியாது. 800 யூனிட் என்று காட்டிவிட்டு நிற்கும். 500 யூனிட்டைத் தாண்டியதும் அந்த 2.25 சலுகை போய்விடும். 100 யூனிட் இலவசம். அடுத்த 300க்கு 4.50 வீதம் 1,350; அடுத்த 100க்கு 600; அதற்கடுத்த 100க்கு 800; கடைசி 200க்கு 9 ரூபாய் வீதம் 1,800. மொத்தம் 4,550 ரூபாய். அதே மின்விசிறி, அதே மிக்சி, அதே மனிதர்கள். பில் மட்டும் ஐந்து மடங்கு.

பிறகு வந்த ஆண்டுகளில் கட்டணம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. ஆனால் படிப்படியாகச் செங்குத்தாகிக்கொண்டே போகும் அந்த ஏணி அப்படியேதான் இருக்கிறது. வீட்டுக்காரர் ஒரே இணைப்பை வைத்துக்கொண்டு, குடித்தனக்காரர்களுக்கு உள்ளே சப் மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வசூலித்தால் 6,400 ரூபாய் வருகிறது. மின்வாரியத்துக்குக் கட்டியதுபோக 1,850 ரூபாய் மிச்சம். இப்படி லாபம் வைத்து மின்சாரம் விற்க 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி உரிமம் வேண்டும். வீட்டுக்காரர் யாரிடமும் அது கிடையாது. குடித்தனக்காரர் இழப்பதோ இந்த 8 ரூபாயை மட்டும் அல்ல. 2016 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் கிடைத்துவரும் 100 யூனிட் இலவசமும் அவர் கைக்கு வந்து சேருவதில்லை.

ஆகவே வீட்டுக்கு ஒரு மீட்டர் என்பது நியாயமான கோரிக்கை. இந்த அத்தியாயம் அதற்கு அடுத்த கேள்வியைப் பற்றியது. நான்கு மீட்டர் வாங்கி மாட்டிவிட்டால் மின்சாரம் நான்காகப் பிரிந்துவிடுமா? பிரியாது. பலகையில் மீட்டர் பிரிந்திருக்கும், சுவருக்குள் கம்பி பிரிந்திருக்காது. அந்த இடைவெளியில்தான் சண்டைகளும், எரிந்துபோன டி.வி.க்களும், சில சமயம் சாவும் நடக்கின்றன.

உத்திரமேரூர்ப் பக்கம் அடுக்கு வீடு என்றால் சென்னைக்காரர் மனத்தில் வரும் லிஃப்ட் வைத்த பத்து மாடி அல்ல. அப்பா கட்டிய தரைத்தளம். பெரியவனுக்குக் கல்யாணம் ஆனதும் எழுப்பிய முதல் மாடி. ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விட எடுத்த இரண்டாம் மாடி. தெருவைப் பார்த்த முன்பக்கத்தில் ஒரு தையல் கடையோ செல்போன் கடையோ. கட்டடம் இப்படித் தவணையில் வளர்ந்தது போலவே வயரிங்கும் வளர்ந்திருக்கும். கீழ்வீட்டு ஹாலில் இருந்த ஜங்ஷன் பாக்ஸிலிருந்து ஒரு ஜோடிக் கம்பி மாடிக்குப் போயிருக்கும். அங்கிருந்து இன்னொரு ஜோடி அதற்கு மேலே. பிறகு ஒருநாள் பாகப்பிரிவினை. பத்திரம் பதிவாகும், சமையல் பிரியும், கதவு எண் பிரியும், புது மீட்டர் வரும். ஜங்ஷன் பாக்ஸை மட்டும் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

என்ன தவறு நடக்கிறது என்று புரிய, தெருவிலிருந்து தொடங்க வேண்டும். தெருமுனை டிரான்ஸ்பார்மரிலிருந்து கம்பத்தில் வருவது நான்கு கம்பிகள். மூன்று பேஸ், ஒரு நியூட்ரல். எந்த ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு இடையே 460 வரவேண்டும் என்று தோன்றும்; வருவது 400 வோல்ட்தான். ஏனென்றால் மூன்று பேஸ்களும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை. ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்ற இரண்டும் பாதி இறக்கத்தில் இருக்கும். வினாடிக்கு 50 முறை இந்தச் சுற்று நடக்கிறது.

ஒரு வளையத்தில் மூன்று கயிறு கட்டி, மூன்று பேர் சம தூரத்தில் நின்று சமமாக இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வளையம் நடுவிலேயே நிற்கும். அந்த நடுப்புள்ளிதான் நியூட்ரல். மூன்று பேஸிலும் சமமான பளு இருந்தால் நியூட்ரல் கம்பியில் மின்னோட்டமே இருக்காது. ஒன்றின் வரவை மற்றவை சரிக்கட்டிவிடும். ஆனால் வீடுகள் சமமாக இழுப்பதில்லை. ஒரு வீட்டில் இஸ்திரிப் பெட்டி, ஒரு வீட்டில் பூட்டுத்தான். எவன் எவ்வளவு இழுத்தாலும் வளையம் நகராமல் இருக்க நடுவில் ஒரு முளை அடித்து வைத்திருக்கிறோம். அந்த முளைதான் டிரான்ஸ்பார்மர் வரை போய்ச் சேரும் நியூட்ரல் கம்பி. இந்தப் படத்தை மறந்துவிடாதீர்கள், முளை பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று சற்று நேரத்தில் பார்க்கப் போகிறோம்.

இனி மீட்டர். எடிசன் 1882இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்சாரம் விற்கத் தொடங்கியபோது அளப்பதற்கு வைத்திருந்தது ஒரு கண்ணாடிச் சாடி. உள்ளே துத்தநாகத் தகடுகள். மின்சாரம் ஓட ஓட ஒரு தகட்டிலிருந்து உலோகம் கரைந்து மற்றொன்றில் படியும். ஆள் வந்து தகட்டைக் கழற்றி எடை போட்டுப் பில் எழுதுவார். நேர்மின்னோட்டத்துக்கு மட்டுமே உதவிய ஏற்பாடு அது. மாறுமின்னோட்டம் வந்ததும் வேறு வழி தேவைப்பட்டது. ஹங்கேரியின் கான்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஓட்டோ பிளாத்தி 1889இல் அதற்கு விடை கண்டார். அலுமினியத் தட்டு சுற்றும் மீட்டர். நம் வீட்டுக் கறுப்பு மீட்டருக்கு மூதாதை அதுதான்.

அந்தத் தட்டு எந்தக் கம்பியோடும் இணைந்திருக்கவில்லை என்பது சிறு வயதில் பலரை வியக்கவைத்த விஷயம். தட்டுக்கு ஒரு பக்கம் மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கில் சுற்றிய சுருள். அது வோல்ட்டேஜைப் பார்க்கிறது. மறுபக்கம் தடித்த கம்பி சில சுற்று. அது மின்னோட்டத்தைப் பார்க்கிறது. இரண்டின் காந்தப்புலமும் தட்டுக்குள் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டித் தட்டைத் தள்ளுகின்றன. தள்ளும் விசை இரண்டின் பெருக்கல், அதாவது திறன். தட்டு கட்டுமீறி ஓடாதபடி ஒரு நிலைக்காந்தம் பிரேக் போடுகிறது. பெருக்கல், கூட்டல் எல்லாவற்றையும் ஒரு தட்டும் இரண்டு சுருளும் ஒரு காந்தமும் சேர்ந்து செய்துவிடுகின்றன. நூறாண்டுக்கு மேல் உலகம் இதை நம்பிப் பில் கட்டியது. இயந்திரங்களிலேயே அழகானது எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அழகுதான், ஆனால் அதற்கு ஒரு கண் மட்டும்தான். பேஸ் கம்பியில் போகும் மின்னோட்டத்தை அளந்தது. நியூட்ரலில் திரும்பி வருவதைப் பார்க்கவில்லை. போனது அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும் என்பதால் ஒன்றை அளந்தால் போதும் என்று நினைத்தார்கள். திருடர்கள் விட்டுவைப்பார்களா? பேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றி, திரும்பும் மின்னோட்டத்தை எர்த்தில் இறக்கினார்கள். மீட்டர் தட்டு தூங்கியது.

அதனால் இப்போது மாட்டப்படும் மின்னணு மீட்டருக்கு இரண்டு கண். பேஸ், நியூட்ரல் இரண்டையும் தனித்தனியே அளக்கும். வோல்ட்டேஜையும் மின்னோட்டத்தையும் வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை எண்ணாக மாற்றிப் பெருக்கிக்கொண்டே இருக்கும். இரண்டு கம்பியிலும் அளவு சமமாக இருந்தால் சிக்கல் இல்லை. வித்தியாசம் கணிசமாக இருந்தால், எது அதிகமோ அதை எடுத்துக்கொண்டு யூனிட் ஏற்றும். கூடவே முகப்பில் 'ஈ.எல்.' என்று எழுதிய சின்ன விளக்கு எரியும், அல்லது திரையில் அதற்கான குறி வரும். எர்த்தில் எங்கோ பளு போகிறது, திருட்டாக இருக்கலாம் என்பது அதன் பொருள்.

திருடனுக்கு வைத்த பொறி. அதில் மாட்டுவது பெரும்பாலும் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி.

எப்படி என்று பாருங்கள். கீழ்வீட்டில் 2 ஆம்பியர் ஓடுகிறது, மேல்வீட்டில் 3 ஆம்பியர். இரண்டும் ஒரே பேஸ். ஆளுக்கொரு மீட்டர். ஆனால் பழைய ஜங்ஷன் பாக்ஸில் இரண்டு வீட்டு நியூட்ரலும் இன்னும் முறுக்கிக்கொண்டே கிடக்கின்றன. பேஸில் சந்தேகமில்லை, கீழ் மீட்டர் வழியே 2, மேல் மீட்டர் வழியே 3 போகிறது. திரும்பி வரும்போது மொத்தம் 5 ஆம்பியரும் அந்த முறுக்கில் ஒன்றுகூடும். மின்னோட்டத்துக்கு யார் வீட்டிலிருந்து வந்தோம் என்ற நினைவு கிடையாது. இரண்டு வழியும் ஒரே அளவு தடையுள்ளவை என்றால் 2.5, 2.5 என்று பிரிந்து திரும்பும். கீழ் மீட்டர் பேஸில் 2, நியூட்ரலில் 2.5 பார்க்கிறது; பெரியதை எடுத்துக்கொள்கிறது. மேல் மீட்டர் 3ஐ எடுத்துக்கொள்கிறது. ஓடியது 5, பில் 5.5க்கு.

இதாவது பரவாயில்லை. வயர்மேன் அவசரத்தில் மேல் மீட்டரிலிருந்து பேஸ் கம்பியை மட்டும் மாடிக்கு இழுத்துவிட்டு, 'நியூட்ரல்தான் ஏற்கெனவே மேலே இருக்கே' என்று விட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இது நடக்கக்கூடியதுதான்; கம்பி மிச்சம், சுவர் உடைக்கும் வேலை மிச்சம். இப்போது 5 ஆம்பியரும் கீழ் மீட்டரின் நியூட்ரல் வழியாகவே திரும்ப வேண்டும். கீழ் மீட்டர் 5 என்று எண்ணும். மேல் மீட்டர் 3 என்று எண்ணும். இரண்டும் சேர்ந்து 8. மேல்வீட்டு மின்விசிறிக்கு மேல்வீட்டுக்காரரும் பணம் கட்டுகிறார், கீழ்வீட்டுக்காரரும் கட்டுகிறார். மீட்டரில் கோளாறில்லை. ஆய்வகத்துக்கு அனுப்பினால் துல்லியமாக இருக்கிறது என்றே சான்று வரும்.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். மீட்டர் முகப்பில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சாகியிருக்கும். 3200 என்பது அடிக்கடி காணப்படும் எண். உங்கள் வீட்டு டி.பி. பெட்டியில் மெயினை அணைக்காமல், சின்ன எம்.சி.பி.க்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கீழே தள்ளுங்கள். உங்கள் பேஸ் கம்பியில் இப்போது எதுவும் ஓடாது. மேல்வீட்டாரை இஸ்திரிப் பெட்டி போடச் சொல்லிவிட்டு மீட்டர் முன்னால் வந்து நில்லுங்கள்.

"அண்ணே, எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன். லைட்டு மினுக்குது பாருங்க."

"மேல அயர்ன் பாக்ஸ ஆஃப் பண்ணச் சொல்லும்மா."

"...இப்ப நின்னுடுச்சு."

வழக்கு முடிந்தது. மெயினை ஏன் அணைக்கக்கூடாது என்று சொன்னேன் என்றால், நல்ல மெயின் சுவிட்ச் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே வெட்டும். வெட்டினால் மினுக்கல் நின்றுபோய்க் குற்றம் மறைந்துவிடும். ஆனால் அப்போது இன்னொரு தடயம் கிடைக்கலாம். கீழே மெயினை அணைத்ததும் மேலே விளக்குப் போனால், மேல்வீட்டு நியூட்ரல் உங்கள் வழியாகத்தான் திரும்பிக்கொண்டிருந்தது.

இந்த இரண்டாவது தடயத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பில் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. கீழ்வீட்டு வயர்மேன் மெயினை அணைத்துவிட்டு, 'கரண்ட் இல்லை' என்று நம்பிச் சுவிட்ச் போர்டைக் கழற்றுகிறார். மேல்வீட்டில் பேஸ் உயிரோடு இருக்கிறது. அது மேல்வீட்டு மின்விசிறி வழியாகப் பொது நியூட்ரலுக்கு வந்து, திரும்ப வழியில்லாமல், கீழ்வீட்டு நியூட்ரல் கம்பியில் காத்து நிற்கிறது. கறுப்புக் கம்பி, நியூட்ரல்தானே என்று கைவைத்தால் 230 வோல்ட். உடம்பு வழியாகச் சில பத்து மில்லி ஆம்பியர் போனாலே தசை இறுகி, கை கம்பியை விடாது. மெயினை அணைத்த பிறகும் பேஸ், நியூட்ரல் இரண்டிலும் டெஸ்டர் வைத்துப் பார்க்கிற வயர்மேனைக் கேலி செய்யாதீர்கள். அவருக்குக் கூடக் கொஞ்சம் கூலி கொடுங்கள்.

உயிர்காக்க என்றே வீட்டில் வைக்கும் ஆர்.சி.சி.பி. (நம் ஊரில் இன்னும் ஈ.எல்.சி.பி. என்றே சொல்கிறோம்) செய்வதும் இதே ஒப்பீட்டைத்தான். பேஸில் போனது நியூட்ரலில் திரும்பவில்லையா? வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் வெட்டிவிடு. பொது நியூட்ரல் உள்ள வீட்டில் இந்த வித்தியாசம் எந்நேரமும் ஆம்பியர் கணக்கில் இருக்கும், ஆர்.சி.சி.பி. ஆன் நிலையில் நிற்கவே நிற்காது. "இந்த ஐட்டம் சரியில்ல சார், சும்மா ட்ரிப் ஆகுது" என்று கழற்றி வைத்துவிட்டு நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். சரியில்லாதது வயரிங். அதைச் சொல்ல வந்த சாட்சியைத்தான் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இனி, பிடுங்கப்பட்ட முளை. சின்ன கட்டடம் ஒரே பேஸில் ஓடினால், நியூட்ரல் அறுந்தால் விளக்கு அணையும், அவ்வளவுதான். பல குடித்தனக் கட்டடத்துக்கு மூன்று பேஸும் வந்து, கீழ்வீட்டுக்கு ஆர் பேஸ், முதல் மாடிக்கு ஒய் பேஸ், இரண்டாம் மாடிக்கு பி பேஸ் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அதுதான் முறையும்கூட, மூன்றிலும் பளு சமமாக விழும். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு வரும் ஒற்றை நியூட்ரல் எங்கேயாவது விட்டுப்போனால், வீடுகள் ஒன்றோடொன்று தொடராக இணைந்து 400 வோல்ட்டுக்கு நடுவே தொங்கும். வளையம், பலமாக இழுப்பவன் பக்கம் ஓடும். அவனுக்கும் வளையத்துக்கும் உள்ள தூரம்தான் அவன் வீட்டு வோல்ட்டேஜ் என்று எடுத்துக்கொண்டால், பலமாக இழுப்பவனுக்கு வோல்ட்டேஜ் குறையும். சும்மா இருந்தவனுக்கு எகிறும்.

எண்ணில் பார்க்கலாம். கீழே 1000 வாட் இஸ்திரிப் பெட்டி. அதன் தடை சுமார் 53 ஓம். மேலே டி.வி.யும் மின்விசிறியும் சேர்ந்து 100 வாட். சுமார் 529 ஓம். மூன்றாம் வீட்டில் ஆளில்லை. நியூட்ரல் அறுந்ததும் இந்த இரண்டும் 400 வோல்ட்டைத் தடைக்கேற்பப் பங்கு போட்டுக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டிக்குக் கிடைப்பது 36 வோல்ட், சூடே ஏறாது. டி.வி.க்குக் கிடைப்பது 364 வோல்ட். ஒன்றும் செய்யாமல் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த வீட்டில்தான் புகை கிளம்பும். "அவங்க வீட்ல ஏதோ போட்டாங்க, எங்க வீட்டு டி.வி. போச்சு" என்று தெருவில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது.

அறுவதற்குப் பெரிய காரணம் தேவையில்லை. கம்பத்திலிருந்து வருவது அலுமினியம், வீட்டுக்குள் போவது செம்பு. இரண்டையும் வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால், மழைக்காலத்து ஈரத்தில் அந்த இணைப்பில் அரிப்புப் பிடிக்கும். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. இணைப்பு சூடாகும், தளரும், மேலும் சூடாகும். இரண்டு உலோகத்துக்கும் பொருந்தும் லக் வைத்து நசுக்கி இணைக்க வேண்டும். நியூட்ரலில் ஃப்யூஸ் வைக்கவே கூடாது. நியூட்ரலுக்கு மெல்லிய கம்பி போதும் என்ற பழைய நினைப்பையும் விட வேண்டும். எல்.இ.டி. விளக்கு, டி.வி., கணினி எல்லாம் மின்னோட்டத்தைச் சீராக இழுக்காமல் கொத்துக் கொத்தாக இழுக்கின்றன. அதில் பிறக்கும் 150 ஹெர்ட்ஸ் துணை அலைகள் மூன்று பேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் ஒன்றையொன்று சரிக்கட்டாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன.

ஒரு வீட்டில் விளக்கு மங்கி, பக்கத்து வீட்டில் பளீரென்று எரிந்தால் வாசலில் நின்று ஆராய்ச்சி செய்ய வேண்டாம். எல்லா வீட்டு மெயினையும் உடனே அணையுங்கள்.

கம்பித் தடிமன் பற்றி இரண்டு வரி. மீட்டர் கீழே, வீடு மேலே என்பதால் நடுவில் 30 மீட்டர் கம்பி ஓடுவது சாதாரணம். போக வர 60 மீட்டர். 15 ஆம்பியர் இழுக்கும்போது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 11 வோல்ட் வழியிலேயே தொலையும். கம்பி 160 வாட்டுக்கு மேல் வெப்பமாகக் கக்கும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 4 வோல்ட்தான். இந்த இழப்பு மீட்டரைத் தாண்டிய பிறகு நடப்பதால் பில் உங்களுக்கு.

மிச்சமிருப்பது யாருக்கும் சொந்தமில்லாத மின்சாரம். போர் மோட்டார், படிக்கட்டு விளக்கு, வாசல் விளக்கு. இதை ஒரு வீட்டு மீட்டரில் கோத்துவிட்டால் முதல் மாதமே முகம் சுளிப்பு தொடங்கும். இரண்டு வீட்டிலிருந்து சேஞ்ச் ஓவர் போட்டு மாற்றி மாற்றி ஓட்டலாம் என்ற யோசனை இன்னும் மோசம். பேஸ் மாறும், நியூட்ரல் மாறாது, மறுபடி மேலே சொன்ன கதைதான். பொதுவுக்குத் தனி மீட்டர் வேண்டும். 2022 கட்டண உத்தரவு இதற்கென்று ஒரு தனி வகை உண்டாக்கி, இலவசம் ஏதுமின்றி யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தது. மறு ஆண்டு அது 8.15 ஆனது. சின்னக் கட்டடத்துக்காரர்கள் எழுப்பிய குரலுக்குப் பிறகு, 2023 அக்டோபரில், பத்து வீட்டுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு 5.50 என்று அரசு குறைத்தது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கட்டடங்களில் பெரும்பாலானவை இந்த இலக்கணத்துக்குள் வந்துவிடும். முன்பக்கக் கடைக்கு வணிகக் கட்டணம், அதற்கும் தனி மீட்டர். வீட்டு மீட்டரில் கடை ஓட்டிப் பிடிபட்டால் அபராதம் சட்டப்படி வரும்.

பொது மீட்டர் வந்ததும் பொதுக் கணக்கு வரும், கணக்கு எழுத ஓர் ஆள் வேண்டும். உத்திரமேரூருக்கு அது புதிதல்ல. பராந்தக சோழன் காலத்தில், 920ஆம் ஆண்டை ஒட்டி, இங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் வெட்டிய கல்வெட்டுகள் ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க, ஊரை 30 குடும்பாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் சொல்கின்றன. எல்லோரும் குடவோலையை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதில் உள்ள தகுதியிழப்புப் பட்டியல். அந்த ஊர் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதக்கூடாது. அவன் நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக்கூடாது. தண்ணீர்த் தொட்டி மோட்டார் பில்லை வாட்ஸ்அப் குழுவில் போடத் தயங்கும் சங்கச் செயலாளர்கள் ஒருமுறை அந்தச் சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இப்போது மின்சாரத்துக்கும் வாக்கெடுப்பு வந்திருக்கிறது. பெரிய குடியிருப்புகளில் மின்வாரியம் வாசலில் ஒரே மீட்டர் வைத்து மொத்தமாகக் கொடுத்து, சங்கம் உள்ளே பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கு 2005இலேயே மத்திய அரசு இதற்கு வழி செய்தது. டீசல் ஜெனரேட்டர் மின்சாரத்தையும் அதோடு கலந்து, யூனிட்டுக்கு என்ன விலை என்றே தெரியாமல் ஆக்கிய சங்கங்கள் பற்றி நாடெங்கும் புகார் எழுந்தது. 2024 பிப்ரவரியில் மின்நுகர்வோர் உரிமை விதிகள் திருத்தப்பட்டன. ஒற்றை இணைப்பா, வீட்டுக்கு வீடு தனி இணைப்பா என்பதை, மின்பகிர்மான நிறுவனம் வெளிப்படையாக நடத்தும் வாக்கெடுப்பில் பெரும்பான்மை முடிவு செய்யும். எது தேர்வானாலும், மின்வாரிய மின்சாரம், ஜெனரேட்டர் மின்சாரம், பொது இடத்து மின்சாரம் மூன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும். புது இணைப்புக்குக் கிராமப்புறத்தில் 30 நாளாக இருந்த கெடு 15 நாளாகக் குறைந்ததும் இதே திருத்தத்தில்தான்.

இன்னொரு விதியையும் அதில் சேர்த்தார்கள். மீட்டர் அதிகமாகக் காட்டுகிறது என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், ஐந்து நாளுக்குள் பக்கத்தில் இன்னொரு சரிபார்ப்பு மீட்டர் மாட்டி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல விதி. ஆனால் நியூட்ரல் கலந்த வீட்டில் பக்கத்தில் மாட்டும் மீட்டரும் அதே இரண்டு கண்ணால் அதே தப்பான கணக்கைத்தான் பார்க்கும். மூன்று மாதம் கழித்து இரண்டும் ஒன்றுபோலவே ஓடியிருக்கின்றன என்று பதில் வரும். ஆகவே மனு எழுதும் முன் சிவப்பு விளக்குச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

தமிழ்நாட்டின் மின் விநியோக விதித்தொகுப்பு, ஒரே கட்டடத்தில் இரண்டாவது இணைப்புக் கேட்டால் இடம் நிரந்தரமாகப் பிரிந்திருக்க வேண்டும் என்கிறது. ஆய்வுக்கு வருபவர் தனி வாசல், தனி சமையலறை பார்த்துவிட்டுப் போவார். சுவருக்குள் இருக்கும் முறுக்கை அவர் பார்க்க முடியாது. அதைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான், அதுவும் பூச்சு வேலைக்கு முன்னால். மாடி எழுப்பும்போது ஒவ்வொரு குடித்தனத்துக்கும் மீட்டர் பலகையிலிருந்து தனிக் குழாய், அதில் தனிப் பேஸ், தனி நியூட்ரல், தனி எர்த் என்று மூன்று கம்பி இழுக்கச் சொல்லுங்கள். பழைய வீட்டைப் பிரிக்கிறீர்கள் என்றால், பத்திரச் செலவோடு ஒருநாள் வயர்மேன் கூலியையும் சேர்த்து எழுதிக்கொண்டு, ஜங்ஷன் பாக்ஸ்களைத் திறந்து நியூட்ரல்களைப் பிரித்த பிறகே புது மீட்டருக்கு விண்ணப்பம் போடுங்கள்.